அடைக்கோழியை விற்காதீர்கள்!



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் ஊர்களுக்குக் கோழி வாங்க ஆள் வந்துவிடும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பிரானூர் பார்டர் கடைகளில் பரோட்டாவோடு நாட்டுக்கோழி வேண்டும். ஆனி, ஆடியில் நல்ல விலை கிடைக்கும். விற்பது தப்பே இல்லை. எந்தக் கோழியை விற்கிறோம் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

சென்ற சீசனில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் கூடை இருந்தது. அதற்குள் பதினொரு முட்டை, சில்லென்று கிடந்தன. "என்னக்கா, கோழி எங்கே?" என்று கேட்டோம். "என்ன செய்ய, தவணை கட்டணும்லா. நல்ல வெல குடுத்தான். மத்ததெல்லாம் ஓடிப்போச்சு, இது ஒண்ணுதான் கூடைக்குள்ள இருந்துச்சு, பிடிச்சுக் குடுத்திட்டேன்" என்றார். அன்று அடை வைத்துப் பன்னிரண்டாம் நாள். இன்னும் ஒன்பது நாள் பொறுத்திருந்தால் குஞ்சு பொரித்திருக்கும். அந்தத் தவணையை வாங்கி நோட்டில் வரவு வைத்தவர்கள் நாம்தான். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பேச்சுக்கு, கோழியை 500 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு தடவை வருகிற பணம். அதே கோழி பதினொரு முட்டையில் எட்டுக் குஞ்சு பொரித்து, பருந்துக்கும் கீரிக்கும் போக ஐந்து பிழைத்தாலும், ஐந்தாறு மாதத்தில் ஐந்து கோழி விற்பனைக்கு நிற்கும். தாயும் வீட்டில் இருக்கும். நன்றாகப் பராமரித்தால் ஒரு சிறுவிடைக் கோழி வருஷத்தில் மூன்று தடவை வரை அடைக்கு உட்காரும்.

எல்லாக் கோழியும் அடை காக்குமா?

காக்காது. அடையில் இருக்கும் கோழி முட்டை இடுவதில்லை. அதனால் பண்ணை முட்டைக் கோழிகளில், அடை உட்காராதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இன்று அந்தக் குணம் அவற்றில் பெரும்பாலும் அற்றுப்போய்விட்டது. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவையும் புறக்கடை வளர்ப்புக்கு நல்லவைதான், முட்டையும் கூடுதலாக இடும். ஆனால் பொதுவாக அடை காக்காது. அவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் தாயின் குணம் அப்படியே குஞ்சுக்கு வராது. ஒவ்வொரு தடவையும் குஞ்சை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் எங்கள் தவறும் உண்டு. "முட்டை நிறைய வரும்" என்று சொல்லி, கலப்புக் குஞ்சுகளை நாங்களே பல குழுக்களுக்கு வாங்கிக் கொடுத்தோம். அவை வீட்டுச் சேவல்களோடு கலந்தன. சில ஊர்களில் இப்போது அடைக்கோழி தேடி அடுத்த தெருவுக்கு அலைகிறார்கள். சிறுவிடை, பெருவிடை, கருங்கால், கழுத்தில் இறகில்லாத கோழி என்று நம் அம்மாமார் வளர்த்த வகைகள் அழியாமல் இருக்க முதல் வழி, நல்ல தாய்க்கோழியை வீட்டில் வைத்துக்கொள்வதுதான்.

அடை வைக்கும் முறை

1. ஏற்கெனவே குஞ்சு பொரித்து, கூட்டிச் சென்று வளர்த்த கோழியையே தேர்ந்தெடுங்கள்.

2. இட்டு ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டை வேண்டாம். கீறல் விழுந்தது, மிகச் சிறியது வேண்டாம். முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும்.

3. கூடையில் காய்ந்த மணல், அதன்மேல் வைக்கோல் போட்டுப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை வையுங்கள். கோழியின் உடம்பு மூடுகிற அளவுதான் கணக்கு. இடிக்காகக் கரித்துண்டும் ஆணியும் வைப்பது நம் பழக்கம். வைத்தால் நஷ்டமில்லை. ஆனால் சாரல் ஈரம் கூடையில் ஏறாமல் பார்ப்பதுதான் முக்கியம்.

4. ஏழாம் நாள் இரவு, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்தி கால் விரித்ததுபோல் நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

5. தினமும் ஒரு தடவை கோழி இறங்கித் தின்னும். பக்கத்திலேயே கம்பும் தண்ணீரும் வையுங்கள். பேன், செல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

6. 21ஆம் நாள் குஞ்சு வரும். ஓட்டை நாமே உடைத்து இழுக்கக் கூடாது.

சாரலில் குஞ்சைக் காப்பாற்ற

நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். முதல் இரண்டு மூன்று வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து, காற்று அடிக்காத மூலையில் வையுங்கள். அடியில் உமி அல்லது மரத்தூள் போட்டு, ஈரமானால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில்தான் இரத்தக் கழிச்சல் பரவும். நொய்யரிசியும் கரையானும் நல்ல தீனி.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டிலே காலியாகிவிடும். வந்தபின் மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே வழி. ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள்.

குழுவில் பேசி முடிவெடுப்போம்

• பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே சேவலை வருஷக்கணக்கில் விட்டால் மகளோடும் பேத்தியோடும் சேரும், குஞ்சு நோஞ்சானாகும். வருஷம் ஒரு தடவை பக்கத்து ஊர்க் குழுவோடு நாட்டுச் சேவலை மாற்றிக்கொள்ளலாமா?

• நம் குழுவில் அடை உட்காரும் கோழி யார் யார் வீட்டில் இருக்கிறது? ஒரு நோட்டில் எழுதுவோமா?

• அடையில் கோழி இருக்கும்போது தவணை கட்ட முடியாத உறுப்பினருக்கு, 21 நாள் தவணை தரலாமா? இதற்கு நாங்கள் கூட்டமைப்பில் பேசத் தயார்.

சீசனுக்குச் சேவலை விற்போம், வளர்ந்த குஞ்சை விற்போம். கூடையில் உட்கார்ந்திருக்கிற தாயை மட்டும் விற்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள், கேட்க வருகிறோம்.