வண்ணத் தாளும் விளையாட்டுத் திடலும்

மழலையர் வகுப்பில் இரைச்சல் மிகுந்துவிட்டால் ஆளுக்கொரு வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்துவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். வகுப்பு அடங்கிவிடும். வீட்டிலும் அப்படியே. சமையல் முடியும்வரை குழந்தை ஓரிடத்தில் இருக்க ஒரு தாளும் நான்கு வண்ணக்குச்சிகளும் போதும். ஆனால் குழந்தையை அடக்கி உட்கார வைப்பதற்கு மட்டுந்தானா அந்தத் தாள்? என்னை இப்படிக் கேட்க வைத்தவள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி.

விளையாட்டு விழாவை ஒட்டி, கடையில் வாங்கிய புத்தகத்திலிருந்து ஒரு படத்தை நகலெடுத்து யு.கே.ஜி. குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தேன். மூன்று சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஓரமாக நின்று ஒரு சிறுமி கைதட்டுகிறாள். இந்தக் குழந்தை அச்சிறுமிக்கு மட்டும் வண்ணம் தீட்டிவிட்டு, "முடிச்சிட்டேன் மிஸ்" என்று தாளை நீட்டினாள். "மத்தவங்களுக்கு?" என்றேன். "அது பசங்க வெளையாட்டு மிஸ். நான் இதுதான்" என்று கைதட்டும் சிறுமியைத் தொட்டுக் காட்டினாள். அந்த முகத்துக்கு அவள் பூசியிருந்தது 'ஸ்கின் கலர்' என்று குழந்தைகள் சொல்லும் வெளிறிய இளஞ்சிவப்பு. அவளோ நல்ல மாநிறம்.

குழந்தையிடம் தவறில்லை. தாளைத் தேர்ந்தெடுத்தவள் நான். "நீ ஆடுகிறவள் அல்ல, வேடிக்கை பார்க்கிறவள், உன் நிறமும் படத்துக்கு உரியதல்ல" என்று அந்தத் தாள் அவளிடம் சொல்லியிருக்கிறது. ஆகவே, விளையாட்டுப் படங்களைக் கொண்டு சிறு குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை ஆசிரியையரும் பெற்றோரும் ஆசிரியப் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவியரும் அறிந்துகொள்வது நலம்.

கைக்கு முதற் பயிற்சி

வண்ணம் தீட்டுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. எழுத்துக்கு முன் வரும் பாடம். இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் வகுத்த முறையில் உலோகச் சட்டங்கள் உண்டு. குழந்தை வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களைச் சட்டத்தை ஒட்டி வரைந்து, உள்ளே வண்ணப் பென்சிலால் கோடு கோடாக நிரப்பும். பென்சிலைப் பிடிக்கவும் அடக்கி ஆளவும் விரல்கள் இவ்வாறு பழகிவிட்டால் பின்னர் எழுதுவது எளிதாகும்.

மூன்று வயதுக் குழந்தை குச்சியை முழுக் கையால் பற்றும். அதற்குப் பெரிய பந்து, ரிங் டென்னிஸ் வளையம் போன்ற ஒரே உருவம், தடித்த கோட்டில் இருந்தால் போதும். நான்கைந்து வயதில் விரல்நுனிப் பிடி மெல்ல வரும். ஒடிந்த சிறு துண்டுகளை எறிந்துவிட வேண்டாம். துண்டு சிறிதானால் கை முழுவதாலும் பற்ற முடியாது. விரல்கள் தாமாகவே நுனியில் பிடிக்கும். ஐந்து, ஆறு வயதில் ஆட்களும் ஆடுகளமும் உள்ள படங்களைத் தரலாம். கோட்டுக்கு வெளியே போனால் கடிந்துகொள்ள வேண்டாம். கை பழகப் பழகத் தானே உள்ளே வரும்.

படத்தைத் தேர்தல்

கடைப் புத்தகங்களில் பேஸ்பாலும் பனிச்சறுக்கும் இருக்கும். நம் குழந்தைகள் பார்த்தவை பாண்டியும் கோ-கோவும் கபடியும் த்ரோபாலும். ஆகவே படத்தை நாமே வரைவது சிறந்தது. ஓவியத் திறமை வேண்டியதில்லை. இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக ஒரு சிறுமி பாண்டிக் கட்டத்தில் நொண்டியடிக்கிறாள் என்றால், குழந்தை தன்னை அதில் கண்டுகொள்ளும்.

நம் மாவட்டத்திலேயே படமாக வரையத்தக்க வீராங்கனை இருக்கிறார். திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ், பிறப்பிலேயே வலக்கையில் பாதிப்பு உடையவர். 2022-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான உலக பாட்மின்டன் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். அதே பிரிவில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன் அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்துப் பெண். மட்டை ஏந்திய ஒரு பெண்ணை வரைந்து கொடுத்து, "இந்த அக்கா நம்ம ஊர்ப்பக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகளின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

நிறத்துக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றுக்கு 'தோல் நிறம்' என்றே பொருள்படும் பெயரை வைத்திருந்தது. 1962-இல் அதனைப் 'பீச்' என்று மாற்றியது. 2020-இல் பலவகை மேனி நிறங்கள் கொண்ட 24 குச்சிகளைத் தனிப் பெட்டியாகவே வெளியிட்டது. நமக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டிப் பார்க்கச் சொல்லி, "உன் கையைத் தாளின் பக்கத்தில் வை, எது பொருந்துகிறது பார்" என்றால் போதும்.

தாளிலேயே கணக்கும் மொழியும்

இறகுப்பந்தில் 16 இறகுகள். ஒவ்வொன்றாக எண்ணித் தீட்டலாம். கபடியில் பக்கத்துக்கு 7 பேர். இரு அணிக்கும் இரு வண்ணம். கோ-கோவில் அமர்ந்திருக்கும் 8 பேரும் ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த் திசை நோக்கியிருப்பர். மாற்றி மாற்றிச் சிவப்பும் நீலமும் தீட்டினால் ஒழுங்கமைவு விளங்கும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்கள் சிறு கைகளுக்கு மிகுதி. முதலில் 16 கட்டம் போதும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் நம் பகுதிச் செங்கற்சூளைகளுக்கும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகள் நம்மிடையே உள்ளனர். தமிழ் தெரியாமல் மூலையில் ஒதுங்கும் குழந்தைக்கும் கபடிப் படம் புரியும். அது தன் மொழியில் ஒரு சொல் சொல்லும். நாம் தமிழில் ஒரு சொல் சொல்வோம். இரண்டையும் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொன்னால், அந்தக் குழந்தை அன்று ஆசிரியை ஆகிவிடும்.

தாளிலிருந்து திடலுக்கு

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. விளையாட்டுப் படம் விளையாட்டுக்கு ஈடாகாது. பந்தைத் தீட்டியபின் பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். பாண்டிப் படம் முடிந்ததும் சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் கிழிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் தாள் என்றால் பதினைந்து நிமிடமாவது திடல். ஓடிக் களைத்து வந்தபின் மீண்டும் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, "நீ விளையாடியதை வரை" என்றால் குழந்தையின் சொந்தப் படம் பிறக்கும். கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்ட புனித சின்னப்பர் நம்மை ஓடத்தான் அழைத்தார்.

மறுவாரம் நான் வரைந்துகொடுத்த பாண்டிப் படத்தை அந்தச் சிறுமி பாதியில் விட்டுவிட்டாள். வெளியே மெய்யான கட்டம் கிழித்திருப்பது சன்னல் வழியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரைகுறையாய் நின்ற அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். நான் நடத்திய பாடங்களில் நன்கு முடிந்த பாடம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோரே, உங்கள் மகள் தான் தீட்டிய தாளை மாலையில் கொண்டுவந்து நீட்டும்போது, "கோட்டுக்கு வெளியே போயிடுச்சே" என்று சொல்ல வேண்டாம். "இதுல நீ யாரும்மா?" என்று கேளுங்கள். ஆடுகிற பெண்ணை அவள் காட்டினால் மகிழுங்கள். ஓரத்தில் நிற்பவளைக் காட்டினால், தாளை மடித்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய் ஒரு பந்தை உருட்டிவிடுங்கள்.