சீனாவில் ஒரு பருவம்: பிள்ளையை அனுப்பும் முன் வீட்டில் படிக்க வேண்டிய பாடம்



சில வாரங்களுக்கு முன் பேகம்பூரிலிருந்து ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். தோல் ஷாப்பில் வேலை. மகள் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், சீனப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்று ஒரு பருவம் மொழியும் பண்பாடும் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையே ஓர் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, முன்பணம் கட்டினால் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். "பாய், பொம்பளைப் புள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா? சாப்பாடு, தொழுகையெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டார். அவரிடம் நாம் சொன்னவற்றையே இம்மாதப் பாடமாகத் தருகிறோம்.

சீனா நமக்குப் புதிதல்ல

நம் அடுப்படியில் சீனியும் சீனச்சட்டியும் இருக்கின்றன. தேயிலையில் உள்ள 'தே' சீனத்தின் தென்கரையிலிருந்து கடல் வழியே வந்த சொல். நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அங்கு வந்து தங்கினார். டில்லி சுல்தான் அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பியிருந்தார். வழியில் கப்பல்கள் சிதைந்து பல ஊர்களில் அலைந்த பிறகும், சீனத் துறைமுகமான ஸைத்தூனை அடைந்ததாகத் தம் பயண நூலில் எழுதியுள்ளார். இன்று சுவான்ஜௌ எனப்படும் அந்த ஊரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. நம் மக்கள் அங்கே சென்று வாழ்ந்ததற்கு அது சாட்சி.

அங்கிருந்தும் இங்கே வந்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. அவருடன் 1413-இல் புறப்பட்ட பயணத்தில் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான் என்ற முஸ்லிம். கள்ளிக்கோட்டை முதல் மக்கா வரை தாம் அறிந்ததை அவர் நூலாக எழுதி வைத்தார். மொழி தெரிந்த ஒருவர் இரண்டு நாடுகளுக்கு நடுவே என்ன செய்ய முடியும் என்பதற்கு இவரே உதாரணம்.

கல்விக்காகச் சீனா வரையும் போகலாம் என்ற கருத்தில் மேடைகளில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஹதீஸ் அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றே கூறியுள்ளார்கள். அதை ஆதாரமாகக் காட்ட வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. கல்வி தேடுவது கடமை என்பது அது இல்லாமலே நிலைபெற்றது.

மொழி எப்படிப்பட்டது?

சீன மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றிவிடும். 'மா' என்பதைச் சமமாக இழுத்தால் அம்மா. இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் இதுதான் கஷ்டம். ஆனால் வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறுவதில்லை என்பதால் இலக்கணம் எளிது. உறவுமுறையும் நம்மைப் போலத்தான். அண்ணனுக்குக் கேகே, தம்பிக்குத் தீதீ, அக்காவுக்கு ஜியேஜியே, தங்கைக்கு மேய்மேய் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு.

மொழித் திறனை அளக்க எச்.எஸ்.கே. என்ற தேர்வு இருக்கிறது. ஆறு நிலைகளாக நடந்துவந்த அத்தேர்வின் முதல் நிலைக்கு 150 சொற்களும், நான்காம் நிலைக்கு 1,200 சொற்களும் தேவைப்பட்டன. 2021-இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய வரையறை வெளியானது. விண்ணப்பிக்கும்போது நடப்பில் உள்ளது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் 150 சொற்களாவது கற்றிருந்தால் கடைக்குப் போகவும் வழி கேட்கவும் உதவும்.

நம் நாட்டிலேயே படிக்கவும் வழியுண்டு. சாந்திநிகேதனின் விஸ்வபாரதியில் 1937 முதல் சீனபவனம் இயங்குகிறது. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன மொழியில் பட்டப்படிப்பே உள்ளது.

பணம் கட்டும் முன்

பரிமாற்றம் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். பிள்ளை இங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாணவியாகவே இருப்பாள். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. சீனாவில் மருத்துவம் படிக்க அனுப்புவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் நேரில் சென்று இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

1. ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா?
2. அங்கே பெறும் மதிப்பெண்ணும் கிரெடிட்டும் இங்கே ஏற்கப்படுமா?
3. கல்விக் கட்டணம், விடுதி, காப்பீடு, விமானச் செலவு ஆகியவற்றில் எது யார் பொறுப்பு?
4. குழுவாகச் செல்கிறார்களா? பொறுப்பாசிரியர் உண்டா? பெண்கள் விடுதி தனியாக உள்ளதா?

சேர்க்கைக் கடிதமும் விசாவுக்கான படிவமும் சீனப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். 180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு எக்ஸ்-2 விசா, அதற்கு மேல் எக்ஸ்-1. எக்ஸ்-1 விசாவில் செல்பவர்கள் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக்கு வெளியே தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

உணவு, தொழுகை, தொலைபேசி

சீனாவில் ஹலால் உணவுக்குச் 'சிங்ஜென்' என்று பெயர். ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் பெரிய ஊர்களில் பரவலாக உண்டு. சிங்ஜென் என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளையும், பன்றி இறைச்சியைக் குறிக்கும் எழுத்தையும் பிள்ளை கண்ணால் பார்த்தே அடையாளம் காணப் பழக வேண்டும். பெய்ஜிங்கில் நியூஜியே, சியானில் பெரிய பள்ளிவாசல், குவாங்ஜௌவில் ஹுவாய்ஷெங் எனப் பழமையான பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குள் தொழுகைக்கு இடம் ஒதுக்க மாட்டார்கள். மார்க்கக் கூட்டமோ பிரச்சாரமோ நடத்த அங்கே தடையும் உண்டு. தன் அறையில் தொழுதுகொள்வதுதான் நடைமுறை.

உய்குர் முஸ்லிம்களைப் பற்றிய செய்திகள் நம் மனத்தை வருத்துகின்றன. அங்கே கடுமையான மனித உரிமை மீறல்கள் நடந்துள்ளதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. இதை மறைத்துப் பிள்ளையை அனுப்பக் கூடாது. அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, படிப்பில் கவனம் வைத்து, அரசியல் பேச்சில் சிக்காமல் திரும்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

பேசுவதற்கும் முன்னேற்பாடு வேண்டும். அங்கே வாட்ஸ்அப்புக்குத் தடை. அவர்களுடைய வீசாட்டுக்கு 2020 முதல் இங்கே தடை. எந்த வழியில் பேசுவது என்று முன்பு சென்று வந்த மாணவர்களிடம் கேட்டு, புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். சீனாவின் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே இஷா தொழுதுவிட்டு அழைத்தால் அங்கே நள்ளிரவை நெருங்கியிருக்கும்.

எதிர்பாராததையும் கணக்கில் வையுங்கள். கொரோனாவின்போது ஊர் திரும்பிய மாணவர்களுக்கு 2022 ஆகஸ்டில்தான் மீண்டும் விசா கிடைத்தது. 2020-இல் நின்ற நேரடி விமானச் சேவை 2025 அக்டோபரில்தான் திரும்பத் தொடங்கியது.

பெண் பிள்ளை தனியே பயணம் செய்வது பற்றிய மார்க்கக் கேள்வியை, மேலே சொன்ன விவரங்களை வைத்துக்கொண்டு ஆலிம்களிடம் கேளுங்கள். விவரம் இல்லாமல் கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது.

அந்தத் தகப்பனார் ஏஜென்டுக்குப் பணம் கட்டவில்லை. மகளுடன் பல்கலைக்கழகத்துக்கே போனார். கிரெடிட் பற்றிய கடிதம் இந்தப் பருவத்துக்குள் கிடைக்காது என்று தெரிந்தது. அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்க இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். மகள் இப்போது வீட்டில் தினமும் பத்துச் சொல் எழுதிப் பழகுகிறாள். தம்பியைத் 'தீதீ' என்று கூப்பிடுகிறாளாம். இன்ஷா அல்லாஹ், அவள் போய்ப் படித்து நலமாகத் திரும்ப நாம் அனைவரும் துஆ செய்வோம்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் பிள்ளை எதற்காகப் போக விரும்புகிறாள்? அவள் சொல்லும் காரணத்தை முழுதாகக் கேட்டோமா?
2. திரும்பி வந்த பின் அந்த மொழி எந்த வேலைக்கு, எந்தத் தொழிலுக்கு உதவும்?
3. மேலே சொன்ன நான்கு கேள்விகளில் எத்தனைக்கு நம்மிடம் எழுத்தில் பதில் இருக்கிறது?