குழாய் வழியே ஓர் உணவு

பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடைபெறுவதைக் காணும் நமக்கு, ஒரு கவளமும் விழுங்க இயலாதோர் நம் வயதிலேயே உண்டு என்பது வியப்பாக இருக்கும். தசைநோயினாலோ, கழிவறை அமிலத்தைச் சிறுவயதில் தண்ணீரென்று குடித்து உணவுக்குழல் சுருங்கியதாலோ இந்நிலை நேரலாம்.

இவர்களுக்கு மூக்கின் வழியே இரைப்பை வரை மெல்லிய குழாய் செலுத்துவர். மருத்துவமனைகளில் இதற்கு 'ரைல்ஸ் டியூப்' என்று பெயர். 1790இல் ஜான் ஹண்டர் என்னும் மருத்துவர் விலாங்கு மீன் தோலால் குழாய் செய்து ஒரு நோயாளிக்கு உணவூட்டினாராம்!

குழாய் தவறி நுரையீரலுக்குள் சென்றால் ஆபத்து. ஆகவே உணவு செலுத்துமுன் சிரிஞ்சினால் சிறிது நீரை உறிஞ்சி, பி.எச். தாளில் சோதிப்பர். 5.5 அல்லது அதற்குக் குறைவெனில் அது இரைப்பை அமிலம். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் பி.எச். இங்கே உயிர் காக்கிறது! பின்னர் பால், வடிகட்டிய கஞ்சி முதலியன இறங்கும். பசி தீரும், நாவுக்குச் சுவை தெரியாது.

பல மாதங்கள் தேவைப்பட்டால் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்துவர். எண்டாஸ்கோப் கொண்டு இதைச் செய்யும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தோன்றியது. முதலில் பயன்பெற்றது ஒரு கைக்குழந்தை. இக்குழாய் சீருடைக்குள் மறைந்துவிடும். மூக்குக் குழாய் மறையாது. பேருந்தில் எல்லாரும் உற்றுப் பார்ப்பர். "பாவம், கடைசிக் கட்டம்" என்பாரும் உண்டு. நோயைவிட இதுவே கொடிதென்று எங்களுக்குத் தோன்றுகிறது. குழாயுடன் பள்ளிக்கு வரலாம், தேர்வும் எழுதலாம்.

உணவு இறங்கியபின் அரைமணி நேரமேனும் நிமிர்ந்து அமர்ந்திருக்க வேண்டும்; உடனே ஓடியாட இயலாது. மதிய இடைவேளையில் நம்மில் ஒருத்தி அவளருகில் அமர்ந்து பல்லாங்குழி ஆடலாமே!