இனிப்பு நீர் ஆய்வும் நமது பங்கும்



கரங்கான் வட்டாரத்தில் இனிப்பு நீர் தொடாத இந்தியக் குடும்பத்தைக் காண்பது அரிது. தோட்ட மருந்தகத்தில் டிரெசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்நோயைப் பற்றிய ஆய்வுகளில் நமக்குள்ள பங்கினை இங்கே எழுத முற்படுகிறேன்.

ஏற்றத்தாழ்வு

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பால் வெட்டி நாளெல்லாம் நடந்த உடம்பு, தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் தாமானுக்கும் தொழிற்சாலைக்கும் வந்து சேர்ந்தது. நடை குறைந்தது, சோறும் சீனித் தேநீரும் குறையவில்லை. ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் கிளினிக் போக வேண்டும் என்றால், வலி வரும்வரை யாரும் போவதில்லை. இந்நோயோ வலியின்றி வளர்ந்து, காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுகிறது.

மக்களோடு நடந்த ஆய்வுகள்

என் பணிக்காலத்தில் ஒரு குழுவினர் வந்து இரத்தம் எடுத்துச் சென்றார்கள். முடிவைச் சொல்லத் திரும்பவே இல்லை. அடுத்து வந்தவர்களுக்குப் பல வீடுகளில் கதவு திறக்கவில்லை. நம்பிக்கை போனால் கணக்கும் பிழையாகும்; பிழையான கணக்கால் உதவியும் தவறிப் போகும்.

தமிழ்நாட்டின் சூனாம்பேட்டில் 2006இல் தொடங்கிய திட்டம் வேறு வழியில் சென்றது. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, பரிசோதனை வண்டியையே கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 42 கிராமங்களில் 23,000க்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். அங்குள்ள பெரியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அவர்கள். நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சையும் அங்கேயே கிடைத்தது.

அமெரிக்காவில் ஸ்பானிய மரபினர் 16,415 பேரை 2008 முதல் 2011 வரை நான்கு நகரங்களில் ஆய்வில் சேர்த்தார்கள். ஸ்பானிய மொழியிலோ ஆங்கிலத்திலோ, அவரவர் விருப்பப்படி கேள்வி கேட்டார்கள். மெக்சிகோ வழியினரிடம் நீரிழிவு 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. தென் அமெரிக்க வழியினரிடம் 10 விழுக்காடு அளவே. ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடு! ‘இந்தியர்’ என்ற ஒரே தலைப்பிலும் தோட்டத்தாரின் நிலை மறைந்துவிடக்கூடும். அதனைப் பிரித்துக் காட்டும்படி நாம் கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஆய்வாளர்கள் ஆலயத்தை நாடி வரும்போது மூன்றைக் கேட்போம். ஒன்று, விளக்கமும் ஒப்புதலும் தமிழில் இருக்க வேண்டும், விரும்பாதவர் மறுக்கலாம். இரண்டு, முடிவு அவரவர் கைக்கு வர வேண்டும்; அளவு கூடியிருந்தால் எந்தக் கிளினிக்குக்குச் செல்வது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று, கண்டறிந்ததை அதே மண்டபத்தில் வந்து நமக்கு எடுத்துரைக்க வேண்டும்.

நாமும் கொடுக்க வேண்டியவை உண்டு. உண்பதையும் குடிப்பதையும் மறைக்காமல் சொல்வோம். இளைஞர்களைத் தொண்டர்களாக அனுப்புவோம். நம் கெடாவிலேயே, செமெலிங்கில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. அழைக்க வேண்டியது நாம். நன்கொடையாளர்கள், நோய் கண்ட ஏழைகள் தவறாமல் கிளினிக் சென்று வர வண்டிச் செலவை ஏற்கலாம். அன்னதானத்தில் காய்கறியைக் கூட்டிப் பாயசத்தைக் குறைப்பதும் அறமே.

அனைவரும் நலமுடன் நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!