ஸ்கை தீவுக்குப் புறப்படும் கதிருக்கு

இன்வெர்னெஸ்

அன்புள்ள கதிருக்கு,

சித்தப்பா எழுதுவது. மே மாதக் கடைசி விடுமுறையில் நண்பர்கள் மூவரோடு கிளாஸ்கோவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு ஸ்கை தீவைச் சுற்றி வரப்போவதாக அண்ணி போனில் சொன்னார். ரொம்ப மகிழ்ச்சி. நீ அனுப்பிய திட்டத்தையும் பார்த்தேன். நான்கு நாள், பதினான்கு இடம், ஒவ்வொரு ராத்திரியும் வேறு இடத்தில் கூடாரம். அதைப் படித்த பிறகு, இதைப் போனில் பேசி முடிக்க முடியாது, உட்கார்ந்து எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

முதல் வேலையாகத் திட்டத்தைப் பாதியாகக் குறை. லாக் லோமண்ட், கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம் வழியாகப் போர்ட்ரீ போய்ச் சேர, எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால் கையில் மிஞ்சுவது இரண்டு நாள்தான். ஸ்கை வரைபடத்தில் சின்னதாகத் தெரியும். ஆனால் கடல் உள்ளே புகுந்து புகுந்து கரையைப் பல முனைகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு முனைக்குப் போனால் வந்த வழியே திரும்பித்தான் அடுத்த முனைக்குப் போக வேண்டும். போர்ட்ரீயிலிருந்து நீஸ்ட் முனைக் கலங்கரை விளக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தெற்கே எல்கோலுக்கும் அப்படித்தான். உன் திட்டப்படி போனால் பகலெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

என் யோசனையைச் சொல்கிறேன். மூன்று ராத்திரியும் ஒரே முகாமில் தங்குங்கள். ஸ்லிகாகன் நடுவாக இருக்கிறது. பழைய கல்பாலமும் கூலின் மலைகளும் கண்முன்னே நிற்கும். கடலோரம் வேண்டுமானால் கிளென் பிரிட்டில். எதுவானாலும் இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடு. ஒரு நாளை டிராட்டர்நிஷ் பக்கத்துக்கு ஒதுக்கு: ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர், கில்ட் ராக், குயிரெய்ங். மே கடைசியில் விடிகாலை ஐந்துக்கு முன்பே சூரியன் வந்துவிடும், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஸ்டோருக்கு ஆறு மணிக்கே ஏறுங்கள். பஸ் கூட்டம் வருவதற்குள் இறங்கிவிடலாம். குயிரெய்ங் மலைச்சரிவு இன்றும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் அடிவாரச் சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது. கீழே ஸ்டாஃபின் கடற்கரையில் நீர் வற்றும் நேரத்தில் பாறைமேல் டைனோசர் கால்தடம் தெரியும். அலை நேரம் பார்த்துப் போனால் அந்த நாள் நிறைந்துவிடும். அடுத்த நாளைக் கூலின் மலையடிவாரத்துக்கு வைத்துக்கொள்.

இனி சாலை. இந்திய உரிமத்தில் நீ இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். வாடகை நிறுவனம் சர்வதேச அனுமதியும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது ஒற்றைத் தடச் சாலை. ஒரு வண்டி அகலம்தான் இருக்கும்; சற்றுத் தூரத்துக்கு ஒருமுறை ஒதுங்குவதற்கென்று விரித்த இடமும், அதில் ‘பாசிங் பிளேஸ்’ என்ற பலகையும் இருக்கும். ஒதுங்குமிடம் உன் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில். வலப்பக்கம் இருந்தால் நீ உன் பக்கத்திலேயே அதற்கு எதிரே நில். எதிரே வருபவர் அதில் புகுந்து போவார். எக்காரணம் கொண்டும் நீ குறுக்கே போய் வலப்பக்கம் ஒதுங்காதே. மேடேறி வரும் வண்டிக்கு வழிவிடு. வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்.

உனக்குப் பின்னால் ஒரு வண்டி வந்தால், அடுத்த ஒதுங்குமிடத்தில் நின்று அதை முன்னே விடு. அதில் வருவது பிரசவம் பார்க்கப் போகும் செவிலியராக இருக்கலாம், பள்ளிப் பேருந்தாக இருக்கலாம். நீ மலையைப் பார்த்து வியந்துகொண்டு ஊர்கிற சாலைதான் அவர்கள் தினமும் வேலைக்குப் போகும் சாலை. போட்டோ எடுப்பதற்காக ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்துவது ஒருபோதும் கூடாது. இன்னொன்று, அது ஆட்டுக்குட்டிகளின் பருவம். தாயாடு ஒரு ஓரம், குட்டி மறு ஓரம் என்று நின்றால் காரை நிறுத்திவிடு. ஹாரன் அடித்தால் குட்டி மிரண்டு தாயை நோக்கிக் குறுக்கே பாயும்.

கதிர், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நிலத்தைப் பற்றி. அங்கே போனதும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்லும் மலையுமாக இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத இடம், எங்கே வேண்டுமானாலும் காரை ஏற்றிக் கூடாரம் அடிக்கலாம் என்று தோன்றும். அந்த வெறுமை இயற்கையாக வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றினார்கள். தீவின் தெற்கே போரெரெய்க், சுயிஷ்னிஷ் என்ற ஊர்களை 1853இல் காலி செய்தார்கள். கூரையற்ற கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஸ்லிகாகனுக்குப் பக்கத்தில் பென் லீ மலையில் தங்கள் மேய்ச்சல் உரிமைக்காக பிரேய்ஸ் ஊர் மக்கள் 1882இல் எதிர்த்து நின்றார்கள். அவர்களைப் பிடிக்க கிளாஸ்கோவிலிருந்துதான் ஐம்பது போலீஸ்காரர்கள் வந்தார்கள், பெண்களும் கல்லெடுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1886இல் சட்டம் வந்தது; அதன் பிறகுதான் குடியானவரை நினைத்தபோது துரத்த முடியாது என்றானது. சாலையோரம் நீ பார்க்கும் புல்வெளி, இப்படிப் போராடிக் காத்த மேய்ச்சல் நிலம்.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வெட்டவெளியில் கூடாரம் அடிக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது, உண்மைதான். அந்த உரிமை நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கு; காருக்கு இல்லை. சிறு கூட்டமாக, வீடுகளுக்கும் சாலைக்கும் தள்ளி, ஓரிடத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் போகாமல் தங்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் உன்னை முறையான முகாமுக்குப் போகச் சொல்கிறேன். விறகு மூட்டி நெருப்பு வளர்க்காதீர்கள். அந்த மண்ணே காய்ந்தால் எரியக்கூடியது. மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டு போகும். மலையில் நடக்கும்போது அவசரத்துக்கு ஒதுங்க நேர்ந்தால், ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிக் குழி தோண்டி மூடு. காகிதத்தைப் பையில் போட்டுக் கொண்டுவா.

கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்த்திருக்கட்டும், பள்ளத்தில் அடிக்காதே. காற்று ஓய்ந்த மாலையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மேகமாகச் சூழும். ஆளுக்கொரு தலைவலை வாங்கிக்கொள்ளுங்கள். புல்லில் நடந்து வந்தால் முழங்கால் பின்புறம், இடுக்குகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடு. பிறகு அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்து படர்ந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போ.

மழை என்பதற்காகக் கூடாரத்துக்குள் ஸ்டவ்வைப் பற்றவைக்காதே. அணைந்த கரியடுப்பைக்கூட உள்ளே வைக்காதே. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கேட்கமாட்டேன். டாலிஸ்கர் விஸ்கி வடிசாலைக்குப் போவீர்கள் என்று தெரியும். இங்கிலாந்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை வரம்பு; ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50தான். ஓட்டுகிறவன் தொடவே வேண்டாம்.

போன் பல இடங்களில் எடுக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவை. மலையில் ஆபத்து என்றால் 999ஐ அழைத்து முதலில் போலீசையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேள். பெட்ரோலைப் பிராட்ஃபோர்டிலோ போர்ட்ரீயிலோ நிரப்பிக்கொள். அண்ணி கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் இருக்குமே, சோறு மட்டும் வடித்தால் போதும். ரொட்டி, பால், முட்டையை அங்குள்ள கடைகளிலேயே வாங்கு. பத்தாயிரம் பேர் வாழும் தீவு அது. அங்கே போகிறவர்கள் குப்பையையும் நெரிசலையும் மட்டும் விட்டுவிட்டு வரக்கூடாது.

பார்க்காமல் விட்ட இடங்களை நினைத்து வருந்தாதே. மறுபடி போகலாம், வயதிருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் வழியையும் நிலத்தையும் மதித்து நடந்துகொள். நிதானமாக ஓட்டு. புதிய திட்டத்தை எழுதி இந்த வாரமே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா