கிண்ணம் ஏன் அந்த அணிக்குப் போனது?

கல்முனைக் கரையோரத்தில் ரோபோக் கழகம் நடத்துகிறவர்களும் அதில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறவர்களும் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்போது ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. விருது எதற்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்காமல் போகிறது என்பதே அந்த இடம். இந்த இதழில் மூன்று கேள்விகள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பாடசாலை ரோபோக் கழகத்துக்கு நான் பொறுப்பாசிரியை. ஒரு போட்டியில் எங்கள் பிள்ளைகளின் ரோபோதான் கூடிய புள்ளி எடுத்தது. ஆனால் பெரிய கிண்ணம் வேறோர் அணிக்குப் போய்விட்டது. வெளிநாட்டுப் போட்டிகளிலும் விருது விதிகளை மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. ஓடாத ரோபோவுக்குப் பரிசு கொடுக்கத்தான் இந்த மாற்றமா?
– ஓர் ஆசிரியை, மருதமுனை

பதில்: வ அலைக்கும் ஸலாம். ஓடாத ரோபோவுக்காகச் செய்த மாற்றம் அல்ல இது. நன்றாக ஓடும் ரோபோவைச் செய்த பிள்ளைகளுக்கு அது ஏன் ஓடுகிறது என்று தெரியுமா என்பதை நடுவர்கள் முன்பைவிட அழுத்திக் கேட்கிறார்கள். அதற்குத்தான் விதிகள் திருத்தப்படுகின்றன.

இதன் தொடக்கம் பழையது. டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில் ஒரு பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் 28 அணிகளை வைத்து முதற்போட்டியை நடத்தியது. அந்தப் போட்டியின் ஆக உயர்ந்த விருதான 'சேர்மன்ஸ் அவார்ட்', களத்தில் வென்ற அணிக்கென்று வைக்கப்பட்டதல்ல. தன் ஊரிலும் பாடசாலையிலும் விஞ்ஞானத்தின் மேல் ஆசையை வளர்த்த, மற்ற அணிகள் பார்த்துப் பின்பற்றத்தக்க அணிக்கு அது போனது. 2022-23 பருவத்தில் அதன் பெயர் 'ஃபர்ஸ்ட் இம்பாக்ட் அவார்ட்' என்று மாறியது. தலைவரின் விருது என்ற பழைய பெயரைக் கேட்ட புதியவருக்கு அது எதற்கான விருது என்று விளங்கவில்லை. புதிய பெயர் அதைச் சொல்லிவிடுகிறது. வட்டார அளவில் இந்த விருதை வெல்லும் அணிக்கு, களத்தில் அதன் இடம் எதுவானாலும், உலகப் போட்டிக்குப் போக வழி உண்டு.

அதே அமைப்பின் 'ஃபர்ஸ்ட் டெக் செலஞ்ச்' போட்டியில் நடந்த மாற்றம் ஆசிரியர்களுக்கு இன்னும் பயன்படும். முன்னர் அணிகள் தடித்த பொறியியல் குறிப்பேடு ஒன்றை நடுவர் மேசையில் வைக்க வேண்டியிருந்தது. அச்சடிக்கவும் அலங்கரிக்கவும் பணமும் ஆளும் உள்ள பாடசாலைகளின் குறிப்பேடுகள் தலையணை கனத்துக்கு வந்தன. நடுவர்களுக்கோ அதை வாசித்து முடிக்க நேரமில்லை. 2020-21 பருவத்திலிருந்து அதற்குப் பதிலாகச் சுருக்கமான தொகுப்பு கேட்கப்படுகிறது. அட்டை தவிர 15 பக்கம், அதற்கு மேல் கூடாது. பணக்காரப் பாடசாலைக்கும் அதே 15 பக்கம், ஒரே ஒரு மடிக்கணினியை எட்டுப் பேர் சுற்றி நின்று பார்க்கும் பாடசாலைக்கும் அதே 15 பக்கம். அண்மைக் காலத்தில் வந்த விருது மாற்றங்களில் மிக நியாயமானது இதுதான்.

2025-26 பருவத்தில் அந்தப் போட்டி இன்னும் இரண்டு படி போனது. 'மோட்டிவேட்' என்றிருந்த விருது எடுக்கப்பட்டு, 'ரீச்', 'சஸ்டைன்' என்று இரண்டு விருதுகள் வந்தன. புதியவர்களைத் துறைக்குள் இழுத்து வந்த அணிக்கு முதலாவது. மூத்த பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போன பிறகும் அணி நிலைத்திருக்கத் திட்டம் போட்டிருக்கும் அணிக்கு இரண்டாவது. அடுத்த சுற்றுக்குப் போவதும், இன்ன விருதுக்கு இன்ன இடம் என்ற வரிசைமுறையிலிருந்து, களத்தில் எடுத்ததையும் நடுவர் விருதையும் சேர்த்துக் கூட்டும் புள்ளிமுறைக்கு மாறியது. 'சஸ்டைன்' விருதின் நோக்கம் நம் ஊர்ப் பாடசாலைகளுக்கு மிகவும் பொருந்தும். உயர்தரம் முடித்து ஒரு தொகுதி பிள்ளைகள் வெளியேறியதும், பெட்டறிகளும் மோட்டர்களும் அலுமாரிக்குள் போய்விடுகிற கழகங்கள் நம்மிடம் இருக்கின்றன.

சிறு வயதினருக்கான 'ஃபர்ஸ்ட் லெகோ லீக் செலஞ்ச்' போட்டியில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. ரோபோ ஆட்டம், ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணியின் விழுமியங்கள் ஆகிய நான்கும் சம பங்காக எடுக்கப்பட்டே முதன்மை விருது தீர்மானிக்கப்படுகிறது. இரண்டரை நிமிட ஆட்டத்தில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் அது நான்கில் ஒரு பங்குதான். நடுவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுத் தாள் போட்டிக்கு முன்பே அணிகளின் கையில் இருக்கிறது.

ஆசிரியை எழுதிய போட்டியில் அந்தத் தாள் முன்கூட்டியே தரப்பட்டதா என்பதே முக்கியம். தரப்பட்டிருந்தால், பிள்ளைகள் ஒரு பாடத்தை மட்டும் படித்துவிட்டு முழுப் பரீட்சைக்குப் போயிருக்கிறார்கள். தரப்படவில்லையென்றால் குறை அமைப்பாளருடையது. அடுத்த முறை பதிவுப் படிவத்தை நிரப்பும் முன்பே, எந்த விருதுக்கு எத்தனை புள்ளி, எதற்காக என்று எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை ஒவ்வொரு பாடசாலைக்கும் இருக்கிறது. அதிபரின் கையொப்பத்தோடு கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: என் மகள் தரம் 11 படிக்கிறார். கழகத்தில் ரோபோவைத் தொடுவது பெரும்பாலும் மற்றவர்கள்தான். மகள் கொப்பியில் எழுதுகிறார், படம் வரைகிறார், நடுவர்களிடம் பேசுகிறார். இதற்கெல்லாம் விருது தருகிறார்களாம். உண்மையில் அதற்குப் பெறுமதி உண்டா, இல்லை ஆறுதல் பரிசுதானா?
– ஒரு வாப்பா, சாய்ந்தமருது

பதில்: பெறுமதி உண்டு. அதைச் சொல்ல 2017ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் வாஷிங்டனில் 'ஃபர்ஸ்ட் குளோபல்' போட்டி முதன்முதலாக நடந்தது. ஒரு நாட்டுக்கு ஓர் அணி என்பதே அதன் முறை. 150க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. ஆப்கானிஸ்தானின் ஹெறாத் நகரிலிருந்து புறப்பட்ட ஆறு பெண்பிள்ளைகளுக்கு அமெரிக்க விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவி, கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. களத்தில் அவர்கள் முன்வரிசைக்கு வரவில்லை. ஆனால் துணிச்சலான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள். அந்த விருது ரஜா செர்காவி எல் முர்ஸ்லி என்ற மொரோக்கோ நாட்டு அணு இயற்பியலாளரின் பெயரில் இருந்தது. ஹிக்ஸ் போசோன் துகளைக் கண்டறிந்த ஆய்வில் பங்களித்ததற்காக 2015இல் லோரியல்-யுனெஸ்கோ விருது பெற்ற பெண்மணி அவர். ஒரு முஸ்லிம் நாட்டுப் பெண் விஞ்ஞானியின் பெயரிலான பதக்கம், பாடசாலைக்குப் போவதே போராட்டமாக இருந்த நாட்டுப் பிள்ளைகளின் கழுத்தில் விழுந்தது. இதை ஆறுதல் பரிசு என்று யாரும் சொல்ல முடியாது.

அதே போட்டியில் பொறியியல் ஆவணப்படுத்தலுக்கென்றே தனி விருது இருக்கிறது. நாசாவின் கணிதவியலாளர் கேத்தரின் ஜோன்சனின் பெயர் அதற்கு. விண்கலங்கள் போய்த் திரும்பும் பாதையைக் கையால் கணக்கிட்டு எழுதியவர் அவர். பொறியியல் புத்தாக்கத்துக்கான விருதுக்கோ தாஜ்மகாலின் தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரியின் பெயர். மகளுக்கு இந்த மூன்று பேரையும் பற்றி வாப்பா சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. அந்த 2017 போட்டிக்கு மும்பையிலிருந்து போன இந்திய அணி, களப்போட்டியில் வெண்கலம் பெற்றது. பொறியியல் வடிவமைப்புக்கான சாங் ஹெங் விருதில் தங்கம் பெற்றது. ஒரே ரோபோ, ஒரே பிள்ளைகள். எப்படி வடிவமைத்தோம் என்பதை விளக்க ஆள் இருந்த அணிக்குத்தான் இரண்டாவது பதக்கம் கிடைக்கும்.

ஆனாலும் வாப்பாவின் கடிதத்தில் கவலை தரும் ஒரு வரி இருக்கிறது. 'ரோபோவைத் தொடுவது மற்றவர்கள்தான்' என்பது அது. எழுத்து வேலை பெண்பிள்ளைக்கு, திருகாணி முடுக்கும் வேலை ஆண்பிள்ளைக்கு என்று கழகம் தானாகவே பிரிந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் நட்டம், அணிக்கும் நட்டம். நடுவர் அறையில் கேள்வி யாரிடம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. மோட்டரை ஏன் மாற்றினீர்கள் என்று கொப்பி எழுதியவரிடமே கேட்பார்கள். கிழமையில் ஒரு நாளாவது பொறுப்புகளை மாற்றிக்கொள்ளச் சொல்லி மகள் பொறுப்பாசிரியரிடம் தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். எங்களிடம் லெகோப் பெட்டி இல்லை, அர்டுயினோ மட்டும் இருக்கிறது. எந்தப் போட்டிக்குப் போகலாம்? விருது கிடைக்கும்படி என்ன செய்ய வேண்டும்? ஆங்கிலமும் அவ்வளவு வராது.
– உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர், நிந்தவூர்

பதில்: உள்நாட்டில் தொடங்கலாம். மாலபேயில் உள்ள ஸ்லிட் நிறுவனம் நடத்தும் 'ரோபோஃபெஸ்ட்' போட்டியில் பாடசாலைப் பிரிவு உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறையும் ரோபோப் போட்டி நடத்துகிறது. அர்டுயினோவில் பழகிய கைக்கு இவை பொருத்தமான களங்கள்.

உலக அளவில் பார்த்தால், 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட்' தன் பிரிவுகளை 2022இல் திருத்தி அமைத்தது. ரோபோமிஷன், ஃபியூச்சர் இனோவேட்டர்ஸ், ரோபோஸ்போர்ட்ஸ், ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ் என்று இப்போது நான்கு. கடைசிப் பிரிவில் தானே ஓடும் சிறு கார் ஒன்றைச் செய்ய வேண்டும். குறிப்பிட்ட கம்பனியின் பெட்டிதான் வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. செய்த முறையை 'கிட்ஹப்' தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும், அந்த எழுத்துக்கும் புள்ளி உண்டு. அணிக்கு மூன்று பேருக்கு மேல் சேர முடியாது என்பதால் ஐவரும் இரண்டு அணிகளாகப் பிரியலாம்.

ஃபியூச்சர் இனோவேட்டர்ஸ் பிரிவில் ஒரு பிரச்சினைக்குத் தீர்வு காட்ட வேண்டும். அம்பாறைக் கரையில் பிரச்சினை தேடி அலைய வேண்டியதில்லை. ஒலுவிலில் துறைமுகம் வந்த பின் கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது, நிந்தவூரும் அதை உணர்ந்திருக்கிறது. மேற்கே வயல்களுக்குள் யானை இறங்குகிறது. மருதமுனைத் தறியில் நூல் அறுந்தால் நெசவாளி கண்ணால் பார்த்தே பிடிக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்து, அந்தத் தொழிலைச் செய்கிறவரிடம் நேரில் போய்க் கேட்டு, அவர் சொன்னதைத் திகதியோடு எழுதிக்கொண்டு வருவதே முதல் வேலை. இணையத்தில் பார்த்த கருத்தைக் கொண்டு வரும் அணிகளை நடுவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். காலையில் கரைவலை இழுப்பவரிடம் பேசிவிட்டு வந்த அணியை அவர்கள் அடிக்கடி பார்ப்பதில்லை.

கொப்பியை முதல் நாளே திறக்க வேண்டும். போட்டிக்கு முதற்கிழமை உட்கார்ந்து எழுதிய கொப்பியில் எல்லாமே முதல் தடவையிலேயே சரியாக வந்ததுபோல இருக்கும், அனுபவமுள்ள நடுவர் அதைப் பார்த்ததும் கண்டுகொள்வார். வெயிலில் சென்சர் கோட்டைத் தவறாக வாசித்தது, பெட்டறி இறங்கியதும் கார் ஒரு பக்கம் இழுத்தது, அதற்கு என்ன செய்து பார்த்தீர்கள், எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வயர் இணைப்பைக் கையால் வரைந்தாலும் போதும். தோற்றுப்போன முயற்சிகளைக் கிழித்தெறிய வேண்டாம், புள்ளி அங்கேதான் கிடைக்கும்.

மொழியைப் பொறுத்தவரை, கொப்பியைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் தெளிவாக விளங்கியதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம், விளங்காததை எந்த மொழியிலும் சொல்ல முடியாது. பிறகு ஐந்து நிமிடப் பேச்சை மட்டும் ஆங்கிலத்தில் தயார் செய்து, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நடுவர்களாக உட்கார வையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வரவில்லையோ அவற்றை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை திரும்பவும் அவர்களையே கூப்பிடுங்கள். உள்நாட்டுப் போட்டியென்றால் தமிழில் விளக்க இடமுண்டா என்று பதிவு செய்யும்போதே அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.