விசிட் விசா வேறு, வேலை விசா வேறு



சென்ற மாதம் ஒரு தாய் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது, ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணம் குறைகிறது, வட்டியில்லாக் கடன் வேண்டும் என்றார். விசாத் தாளை வாங்கிப் பார்த்தோம். அது 60 நாள் விசிட் விசா. "போன பிறகு மாத்திக்கலாம்னு ஏஜெண்ட் சொன்னாருங்க" என்றார். அவர் நகை ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது.

இதே சொல்லை நம்பி ஏமாறுவோர் நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இன்னும் இருப்பதால், இம்மாதம் விசா வகைகளைப் பற்றி எழுதுகிறோம்.

விசிட், சுற்றுலா விசா: ஊர் பார்க்கவும் உறவினரைக் காணவும் மட்டுமே. இதில் சம்பளத்துக்கு வேலை செய்வது குற்றம். அமீரகத்தில் இது 30 அல்லது 60 நாட்களுக்குக் கிடைக்கும். காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமலே 30 நாட்கள் வரை அனுமதிக்கிறது. அதுவும் சுற்றிப் பார்க்கத்தான், வேலைக்கு அல்ல.

விசா செல்லுபடியாகும் காலமும் தங்கும் காலமும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை, இறங்கியதும் அங்குள்ள குடியேற்ற அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள். அந்தத் தேதியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

உம்ரா விசா: இதில் உம்ரா செய்யலாம், ஹஜ் செய்ய முடியாது. 2025 ஹஜ் காலத்தில், அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் என்று சவூதி அரசு அறிவித்தது. விசிட் விசாவில் போனவர்களுக்கும் இது பொருந்தும்.

வேலை விசா: வேலை கொடுப்பவர் பெயரில் வருவது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையாக இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். இதற்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. அனுமதியோடு 10 லட்ச ரூபாய் காப்பீடும் சேர்ந்து வரும்.

விசிட் விசாவுக்கு இந்த அனுமதி தேவையில்லை. போலி ஏஜெண்டுகள் அதைக் கையில் கொடுப்பதற்குக் காரணமே இதுதான். அங்கே போய் முறைப்படி விசா மாற்றியவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மாறாவிட்டால் சம்பளம் கேட்க ஒப்பந்தம் இருக்காது, காப்பீடும் இருக்காது.

2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழக இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டு, அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். அவர்கள் படித்த பிள்ளைகள்தாம்.

பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்:

1. விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது?
2. வேலை, சம்பளம், நிறுவனத்தின் பெயர் உள்ள ஒப்பந்தம் எங்கே?
3. ஏஜெண்டின் அரசுப் பதிவு எண் என்ன? அதை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

அந்தத் தாயின் மகன் இதே மூன்றையும் கேட்டார். அன்றிலிருந்து ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. மீதிப் பணமும் பிள்ளையும் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

விசா என்பது நாம் அந்த நாட்டோடு செய்யும் உடன்படிக்கை. அதை மீறாமல் தேடும் சம்பாத்தியத்தில்தான் பரக்கத் இருக்கும். வெளிநாடு செல்லும் எண்ணம் உள்ளவர்கள் பணம் கொடுத்த பிறகல்ல, கொடுக்குமுன் தாள்களோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.